கதவைத் தட்டும் வாளி

பிள்ளைப்பாக்கத்தின் அந்த வரிசை வீட்டில் ஆறு அறைகளுக்கும் பொதுவாக ஒரே கக்கூஸ். உள்ளே மூன்று வயது கனிஷ்கா, அப்பா பேச்சிராஜின் கட்டைவிரலை இறுகப் பிடித்தபடி குந்தியிருக்கிறாள். வெளியே காத்து நிற்கும் பக்கத்து அறை சுப்பிரமணி வாளியால் தகரக் கதவை இடிக்கிறார். அவள் உடம்பு தூக்கிப்போடுகிறது. இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மூன்று நாளாக அடக்கிக்கொண்டிருக்கிறாள். "கம்பெனி ஷிப்ட் பஸ் வந்துடும்பா! கொயந்தைய கால்வாயாண்ட குந்த வெச்சா இன்னா?" என்கிறார் சுப்பிரமணி. பேச்சிராஜ் உள்ளிருந்தே கத்துகிறான். "உங்க பேத்தின்னா அங்க உக்கார வைப்பியளா? பஸ் போனா போவுது, எனக்கும் அதே பஸ்தான். இனி ஒருத்தரும் கதவத் தட்டப்படாது!" வாளி தரையில் இறங்குகிறது. தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் அலறுகிறது. பேச்சிராஜ் அசையவில்லை. கனிஷ்காவின் விரல்கள் மெல்லத் தளர்கின்றன. "அப்பா, நீ அங்கிட்டுத் திரும்பிக்கோ," என்கிறாள்.