முதல் பக்கச் சிரிப்பு

"முதல் பக்கத்துல சிரிக்கிறானே, அவன் என் பையன்தாம்மா! போர்முனைக்குப் போய் மூணு மாசமா ஒரு தகவலும் இல்ல. படத்தைப் பார்த்ததும்தான் போன உயிர் திரும்பி வந்துச்சு. வரட்டும், அவன் காதைத் திருகுறேன்," என்று பத்திரிகை அலுவலகத்தில் நின்று சிரித்தாள் அந்தத் தாய்.

படப்பிரிவுப் பெண் பெரிதாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

"இது நேத்துச் சண்டையில எடுத்ததுதானே?"

இல்லை என்று சொல்லத்தான் அந்தப் பெண் வாயெடுத்தாள். "ஆமாம்மா" என்று வந்தது.

நேற்று களத்திலிருந்து வந்த படங்களெல்லாம் பிணங்கள். "காலங்காத்தால இதைப் பார்த்தா சனங்க மனசு ஒடிஞ்சிடும்," என்று ஆசிரியர் ஒதுக்கச் சொல்லிவிட்டார். போன வருடம் ராணுவப் பயிற்சியில் எடுத்த படத்தைத் தேடியெடுத்து, பழையது என்ற குறிப்பில்லாமல் போட்டவள் இவள்தான்.

அந்தத் தாய் படியிறங்கியதும், இவள் ஒதுக்கிய படங்களைத் திறந்து, அதே முகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள்.