ஒரே ஆணி

எங்கள் விஸ்கான்சின் ஊரின் மதுக்கடை ஜன்னலில் பனி வெளிச்சம் சாம்பலாகப் படிந்திருக்கிறது. கடைக்காரி ஆர்லிஸ், சுவரின் ஒரே ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து இடம் ஒழித்துவைத்திருக்கிறாள். இந்த வருட வேட்டையின் பெரிய மான்கொம்புக்குத்தான் அந்த ஆணி. மேசைமேல் இரண்டு ஜோடிக் கொம்புகள். டெல்மருடையது இருபுறமும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. அவன் தங்கை கணவன் கோர்டியுடையது இடப்புறம் மட்டும் புதர்போலக் கிளைத்து, பீர்க் கோப்பையை இடிக்கிறது. அளவுநாடா கிளைக்குக் கிளை உரசிக் கிறீச்சிடுகிறது.

“ரெண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதை மொத்த அளவுலேர்ந்து கழிக்கணும் மாப்ளே. அதான் முறை,” என்கிறான் டெல்மர்.

“மான் பாடுபட்டு வளர்த்ததைக் கழிக்க நீ யாரு மச்சான்? இருக்கிறது மொத்தத்தையும் கூட்டு.”

ஆர்லிஸ் கோப்பையைத் துடைத்தபடியே கேட்கிறாள்: “போன வருஷம் கழிக்கணும்னு நின்னது கோர்டி. கூட்டணும்னு மேசையைக் குத்தினது நீதானே டெல்மர்?”

நாடா சரேலென்று தன் டப்பாவுக்குள் சுருண்டுகொள்கிறது.

“அது வேற மான்,” என்கிறான் டெல்மர்.

“ஆமா, அது வேற மான்தான்,” என்று கோர்டி இன்று முதல்முறையாக அவனோடு ஒத்துப்போகிறான்.

ஆர்லிஸ் துண்டைப் பழையபடி ஆணியில் மாட்டுகிறாள்.