ரப்பர் வாத்தின் குரல்

"கூட நாய் எதுவும் வரலையே?" என்று கேட்டார் மிஸ் ஹாஸ்கல். "நாய் வாசனை அடிச்சாலே பறவை பறந்துடும்."

"நாயா? சேச்சே!" என்றார் டெல்மர், கால்சட்டையில் ஒட்டியிருந்த நாய் முடியை நைசாகத் தட்டிவிட்டபடி.

மிஸ் ஹாஸ்கல் பறவை ஆர்வலர் சங்கத்தின் பரிசோதகர். நூறு மைல் கார் ஓட்டி இந்த மேற்கு வர்ஜீனியா மலைக்காட்டுக்கு வந்திருப்பது ஒரே ஒரு குருவிக்காக. பழுப்புத்தலைப் பசையெடுப்பான். தெற்கே பைன் காடுகளில் இருக்கிற ஜாதி அது. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

போன வாரம் சொன்னவர் டெல்மர். 'கீய்ச், கீய்ச்' என்ற அதன் குரலைக் காதால் கேட்டேன் என்று சங்கத்துக்கு அன்றைக்கே எழுதிவிட்டார். மறுநாள் அதே குரல். ஆவலோடு பார்த்தால், புதரை விலக்கிக்கொண்டு அவருடைய நாய் ரூஃபஸ் வருகிறது! வாயில் ரப்பர் வாத்து. கடிக்கக் கடிக்க, கீய்ச், கீய்ச்!

நாற்பது வருஷமாகப் பறவை பார்க்கிறவருக்கு இந்தக் கதி. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பார்தான். ஆனால் வெள்ளிக்கிழமை ஊர் மன்றம் கூடி, இந்தக் காட்டை மரம் வெட்டுகிறவர்களுக்கு விற்கப்போகிறது. 'அபூர்வப் பறவை இருக்குன்னு சங்கம் எழுதிக் கொடுக்கட்டும், விற்பனையை நிறுத்திடறேன்' என்று மன்றத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கழுத்தில் கயிறில்லாமல் ரூஃபஸ் ஓடுவதற்கும், பின்னாலேயே டெல்மர் பைனாகுலரோடு நடப்பதற்கும் மிச்சமிருப்பது இந்த ஒரு காடுதான். பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் அதுதான் அவருக்கு வேலை, சந்தோஷம் எல்லாம். அதை விட்டுக்கொடுக்க மனசு வருமா?

ஆகவே ஒரு ஏற்பாடு. மனைவி ஆர்லீன் பின்பக்கச் சாலையில் வண்டியை நிறுத்தி, நாயின் வாயில் வாத்தைக் கொடுத்து அவிழ்த்துவிட வேண்டும். முன்பக்க வழியாக ஹாஸ்கலை அழைத்து வருவது டெல்மர் வேலை.

அரை மணி நேரம் நடந்தார்கள். காடு கம்மென்று இருந்தது. ஹாஸ்கல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆசை இருக்கலாம் மிஸ்டர் டெல்மர். அதுக்காகக் காதுல விழறதை எல்லாம் அபூர்வப் பறவைன்னு எழுதிடறதா?"

"கொஞ்சம் பொறுங்க மேடம். இப்பதான் அவிழ்த்து..."

"என்னது?"

"இல்ல, இப்பதான் அது இரை தேடக் கிளம்பற நேரம்னேன்!"

அப்போதுதான் கேட்டது. "கீய்ச்! கீய்ச்! கீய்ச்!"

ஹாஸ்கல் டெல்மரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கினார்.

அதே சமயம் பள்ளத்திலிருந்து "லொள்! லொள்!" என்று ரூஃபஸ் குரைத்தது.

"நாய் குரைக்குதே?"

"பக்கத்துப் பண்ணை நாய் மேடம். அடங்காப்பிடாரி. விட்டுத் தள்ளுங்க!"

குரைப்பும் நிற்கவில்லை, கீய்ச்சும் நிற்கவில்லை. இரண்டு நிமிஷம் இரண்டும் போட்டி போட்டன. டெல்மர் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டும் ஒருவழியாக ஓய்ந்தன.

ஹாஸ்கலின் கண்கள் கலங்கியிருந்தன. "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நாள் வாய்க்கும்னு நினைக்கவே இல்ல. பதிவே போதும், பார்க்கணும்னுகூட இல்ல. உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க."

டெல்மருக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு நல்ல மனுஷியை ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்டு நீட்டிய கடிதத்தை வாங்கிப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹாஸ்கலின் கார் மறைந்ததும் பின்பக்கச் சாலைக்கு ஓடினார். வண்டிக்குள் ஆர்லீன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரூஃபஸ் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஆர்லீன், ஜெயிச்சுட்டோம்! கையெழுத்தே வாங்கியாச்சு! நம்ம நாய்க்கு மெடல் குத்தணும். என்னமா கத்தினான் தெரியுமா? கீய்ச் கீய்ச்னு, நிஜப் பறவை தோத்துடும் போ!"

ஆர்லீன் பேந்தப் பேந்த விழித்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"வாத்தை நான் வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேனே, டெல்மர்!"