விரல் போகும் வழி

“பாதியில பள்ளிக்கூடத்த விட்டவ நீ, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்ப?” என்று அம்மாவிடம் அவளுடைய நாத்தனார் அன்று கேட்டிருந்தாள். இன்று நாத்தனார், குழந்தையைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்ப்பதாகச் சொல்லி, அதன் துணிமணிக்குக் காலிப் பையோடு கூடத்தில் வந்து நிற்கிறாள். குளியலறை வாசலில், வாத்துத் தலை வைத்த கக்கா நாற்காலியில் இரண்டரை வயது மகள் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் அவளுடைய வெறுந்தொடையில் விழுகிறது. எதிரே ஒரு கிண்ணத்துக்குள் பொம்மைக் கரடி. “முக்கு, கரடி. வரலன்னா கத சொல்றேன்.” மடியில் படப்புத்தகத்தை விரிக்கிறாள். வாய் தன் போக்கில் புதுக்கதை சொல்கிறது: “யான ஜட்டி போடல. அத்த திட்டுனாங்க.” நாத்தனாருக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்து அடங்குகிறது. ஆனால் மகளின் விரல் வரியின் அடியிலேயே ஊர்கிறது. வரி முடிந்ததும் நின்று, இடது ஓரத்துக்குத் தாவி, அடுத்த வரியைப் பிடிக்கிறது. அம்மா அந்த விரலையே பார்க்கிறாள். இதை அவள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. வரி தவறிவிடுமோ என்ற பயத்தில் தினமும் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள், அவ்வளவுதான். பிஞ்சு விரல் கடைசி வரியைக் கடந்து, எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறது. அம்மா நிமிர்ந்து பார்க்கையில், நாத்தனார் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருக்கிறாள்.