முதுகில் முதலாளி

அந்தக் காலத்தில் சங்குகளுக்கு ஊர் சுற்றுகிற ஆசை ரொம்ப உண்டு, கால்தான் கிடையாது. அதனால் தங்களைச் சுமக்க நண்டுகளை வேலைக்கு வைத்துக்கொண்டன. சாப்பாடு நண்டின் பாடு, குடியிருப்பு சங்குக்குள்ளேயே இலவசம்.

அப்படி ஒரு நண்டு, கடல் கண் சொருகிக் கிடந்த ஒரு மாலையில், பெரிய சங்கு ஒன்றிடம் வேலை கேட்டுப் போனது. உடம்பு பெருத்துவிட்டது, இருந்த சங்குக்குள் மூச்சு முட்டியது. இது கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"இருக்கிற இடத்தை ஏன்ப்பா விடுறே?" என்றது பெரிய சங்கு.

இருட்டு, புழுக்கம், ஓட்டை என்று நண்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தது. ஆனால் முதலாளி முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறாரே! வாய்க்குள் முணுமுணுத்தது.

"சத்தமாச் சொல்லுடா, நானும் கேட்டுக்கிறேன்," என்று மேலிருந்து அமுங்கின குரல் வந்தது.

"ஐயா மேல ஒரு குறையும் இல்லீங்க. நான்தான் பெருத்துட்டேன்."

"குறட்டை விடுவான். மத்தபடி நல்ல பய, எடுத்துக்கோங்க," என்றது முதுகுச் சங்கு.

நண்டு நழுவிப் புது இடத்துக்குள் புகுந்தது. காலியான பழைய சங்குக்குள் காற்று நுழைந்தது. சங்கு மெல்லப் பாடத் தொடங்கியது. இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்தும் நண்டு அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. அதன் வாயை அடைத்துக்கொண்டு கிடந்ததே நண்டுதானே!