பையின் பிடிவாதம்

மலையூருக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போன சிங்காரவேலு, கம்பளியைத் தனக்கு எடுத்துக்கொண்டு கேமராவைப் பையோடு கார் டிக்கியிலேயே விட்டுவிட்டார். அன்று இரவு உறைபனி. விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார். உள்ளே ஓமச்சூடும் ஆள்சூடும். பை தன் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“திறய்யா, மாலை மாற்றப் போகிறார்கள்,” என்றது கேமரா.

“மாலை போனால் போகட்டும். தாலி கட்ட ஒரு மணி நேரம் இருக்கிறது. அதுவரை எனக்குள்ளேயே இரு, குளிர் மெல்ல விடட்டும். இப்போதே வெளியே போனால் உன் கண்ணாடிக்குள் நீர் கோத்துவிடும், லேசில் காயாது.”

“உனக்கு என்மேல் பொறாமை.”

“ஆமாம். ராத்திரி முழுக்க உன்னைப் போர்த்தியபடி விறைத்துக் கிடந்தது பொறாமையில்தான்.”

சிங்காரவேலு இழுத்த இழுப்பில் ஜிப் அறுந்தது. மாலையும் தாலியும் எல்லாப் படங்களிலும் வெறும் வெள்ளை மூட்டமாக விழுந்தன.

பெண்ணின் அப்பா சிங்காரவேலுவின் சட்டையைப் பிடித்தார்.

“என்மேல் தப்பில்லை ஐயா. இந்தப் பையைப் பாருங்கள், ஜிப் அறுந்து கிடக்கிறது. பனியெல்லாம் உள்ளே போய்விட்டது.”

பை கேமராவைப் பார்த்தது.

கேமரா தன் மூடியைப் போட்டுக்கொண்டது.