புழு கோர்க்கத் தெரியாதவர்

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார் காண்ட்ராக்டர்.

"தெரியும்" என்ற டெய்லர், துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டார்.

கரையும், கரையில் நின்ற காண்ட்ராக்டரின் காரும் சிறுத்துக்கொண்டே போயின. அவருடைய செல்போன் அந்தக் காருக்குள் கிடந்தது. தண்ணீரில் விழுந்தால் தொலைந்தது என்று சொல்லி, அதை அங்கேயே வைக்கச் சொன்னது டெய்லர்தான்.

நடு ஏரியில் படகு நின்றது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டியவர். இன்னொருவர் அதில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் போட்டிருப்பவர். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரை மட்டும் காண்ட்ராக்டர் இன்னும் விடவில்லை.

"நூல்கண்டு, என்னடா பண்றே அந்தப் புழுவை?"

டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மண்புழுவைத் தூண்டில் முள்ளில் மாட்டப் பார்த்தார். அது நெளிந்து அவர் மடியிலேயே விழுந்தது. அவர் துள்ளியதில் படகு ஆடியது.

"உக்காருடா, கவுத்துத் தொலைக்காதே! ஊசியில நூல் கோக்கத் தெரியுது, முள்ளுல ஒரு புழுவைக் கோக்கத் தெரியல. மீன் நாத்தமே ஆகாதவன், மீன் பிடிக்கப் போலாம் வான்னு எதுக்குடா என்னைக் கூப்பிட்டே?"

"சும்மாதான். நாம சேந்து எங்கயாவது போயி எத்தனையோ வருஷமாச்சே."

காண்ட்ராக்டர் சிரித்தார். தன்னைச் சும்மா கூப்பிட்ட ஒருத்தரையும் அவர் இதுவரை பார்த்ததில்லை.

"உன் பையனுக்கு வேலை கேக்கப் போறே. அதானே? இப்பவே சொல்லிடறேன், என் சிபாரிசு கிடைக்காது."

"அவனுக்குத்தான் ஆஸ்பத்திரியில வேலை இருக்கே."

"ஆமா, பொல்லாத வேலை! நர்ஸு! அப்பன் துணியில குத்தறான், மகன் தோல்ல குத்தறான். குடும்பமே ஊசியை வச்சுத்தான் பிழைக்குது!"

சொல்லிவிட்டுத் தானே வயிறு குலுங்கச் சிரித்தார்.  டெய்லர் கொட்டாவி விட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ராத்திரி தூங்கலையா?"

"ஒரு கல்யாணத் துணி. விடியறதுக்குள்ள தைச்சு முடிக்க வேண்டியிருந்தது."

"அவசரத் துணின்னா ரெட்டிப்புக் கூலியாச்சே. வாங்கினியா?"

"கூலியே வாங்கல."

"உருப்படுவே! இதனாலதான் நீ மாடிப்படிக்குக் கீழயே கிடக்கறே."

அப்போது காண்ட்ராக்டரின் தூண்டில் வளைந்தது. எழுந்தும் எழாமலும் மூச்சு வாங்க இழுத்து, ஒரு பெரிய கெண்டையைப் படகுக்குள் போட்டார். மீன் சிக்கியதும் அவருக்கு நாக்கு இன்னும் நீண்டது.

"என் பொண்ணைக் கல்குவாரிக்காரனுக்குப் பேசி முடிச்சுட்டேன். அடுத்த வாரம் நிச்சயம்."

டெய்லர் நிமிர்ந்தார். "அவருக்கு நம்ம வயசு இருக்குமே?"

"நாலு வயசு கம்மி. முதல் பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. வயசை வச்சுக்கிட்டு என்ன பண்றது? கல்லு, ஜல்லி எல்லாம் இனிமே நம்ம வீட்டுச் சரக்கு."

"பொண்ணுகிட்ட கேட்டியா?"

"அதுகிட்ட என்ன கேக்கறது? வாயில்லாப் பூச்சி. நான் காட்டற இடத்துல கழுத்தை நீட்டும்."

"அவங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அவளுக்கு ரெண்டே விஷயம்தான் தெரியும். சமையல், அழுகை. ரெண்டுலயும் உப்பு ஜாஸ்தி."

டெய்லர் சிரிக்கவில்லை. 

"அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். ஒரே ஒரு வார்த்தை." அவர் குரல் கெஞ்சியது.

"போடா! உன் கத்தரியை உன் கடையோட வச்சுக்கோ. என் வீட்டு விஷயத்துக்கு நீ அளவெடுக்காதே."

டெய்லர் மறுபடியும் ஒரு புழுவை முள்ளில் மாட்டப் பார்த்தார்.

வெயில் உச்சிக்கு வந்தது. காண்ட்ராக்டர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, கரைக்குப் போகலாம் என்றார். டெய்லர் துடுப்பைத் தொடவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் என்றார். இன்னும் ஒரே ஒரு மீன் என்றார்.

"நீ பிடிச்சுக் கிழிச்ச லட்சணத்துக்கு இன்னும் ஒரு மீனா? துடுப்பை எடுடா!"

டெய்லரின் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போன் அடித்தது. அவசர அவசரமாக உறையைப் பிரித்தார்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "சந்தோஷம்மா… ரொம்ப சந்தோஷம். அவரு பத்திரமாத்தான் இருக்காரு. நீங்க பயப்படாதீங்க."

"யாருடா அது?"

"உன் வீட்டம்மா."

"என் பொண்டாட்டியா? அவ எதுக்கு உனக்குப் போன் பண்றா?"

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடுப்பைக் கையில் எடுத்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நண்பரிடம் மரியாதையாகச் சொன்னார்:

"வாங்க, கரைக்குப் போவோம், சம்பந்தி."